முப்பத்தாறாவது சுற்று

ஜனவரி 8

அன்புத் தங்கச்சி சுண்டெலிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நான், கண் டாக்டரம்மா, மூக்குக்கண்ணாடி கொடுக்கும் கண்ணாடிக்காரர் மூவரும் சுகம். நான்காவது ஆளான கண் முகாம் வண்டிக்கு மட்டும் காலையில் கொஞ்சம் இருமல். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மோட்டாருக்குக் கம்பி சுற்றும்போது நடுநடுவே நிமிர்ந்து உட்கார் என்றால் நீ கேட்கவா போகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு மரக்கிளை குறுக்கே வந்து எங்கள் வண்டி ரேடியோவின் ஏரியலை அதன் கம்பிச்சுருள் காயிலோடு பிய்த்துப் போட்டுவிட்டது. "கிளை குறுக்க வந்துச்சா, நீங்க கிளைக்குக் குறுக்க போனீங்களா?" என்று டாக்டரம்மா கேட்கிறார். அது வேறு கதை. நானே ஒரு பிளாஸ்டிக் குழாயில் மெல்லிய கம்பியைச் சுற்றி, அதை ஏரியலின் அடியில் வைத்துக் கட்டினேன். மீட்டரில் முள் ஜம்மென்று நிற்கிறது, ஆடவே இல்லை. ஆனால் தலைமை ஆஸ்பத்திரியில் என் குரல் ஒருவர் காதிலும் விழவில்லையாம்.

எங்கள் கடைசி முகாம்களில் போன் கிடையாது என்பது உனக்குத் தெரியும். காலையிலும் மாலையிலும் ரேடியோவில்தான் பேச வேண்டும். யார் யாருக்குக் கண் ஆபரேஷன், எத்தனை படுக்கை வேண்டும் என்று சொல்ல வேண்டும். மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஜூன் இருபதாம் தேதி உப்பள முகாமிலிருந்து இரண்டு வேளையும் பேசிக் காட்ட வேண்டும். கேட்கவில்லை என்றால் இந்தத் தூரத்துத் தடம் ரத்து. வண்டி நகரத்துக்குள்ளேயே சுற்றும். நகரத்து வண்டிக்கு ஏற்கெனவே டிரைவர் இருக்கிறான். நாற்பத்தாறு வயதில் நான் எங்கே போய் ஸ்டியரிங் பிடிப்பேன்? என்னை விடு, உப்பளத்துக் கண்களை யார் பார்ப்பார்கள்?

நீ ரேடியோ ரிப்பேர் கடையில் மூன்று வருஷம் இருந்தவள். நீதான் கதி.

உன் அண்ணன்

ஜனவரி 21

அண்ணா,

நலம். முதுகு அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்குக் குனிகிறேன்.

நீ செய்த காரியத்தை நினைத்தால் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. முள் ஆடவில்லை என்று சந்தோஷப்பட்டாயே, அதுதான் கோளாறு! அந்த முள் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும்: செட் அனுப்பிய சக்தி திரும்பி வரவில்லை. அது வெளியே போயிற்றா, வழியிலேயே சூடாகிச் செத்ததா என்று அதற்குத் தெரியாது. மோசமான காயில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும், முள்ளும் அழகாக நிற்கும்.

உங்கள் அலைவரிசைக்குப் பதினைந்து மீட்டர் கம்பி வேண்டும். வண்டிமேல் நிற்பது இரண்டரை மீட்டர். இவ்வளவு குட்டைக் கம்பி, செட் கொடுப்பதை வாங்கிக்கொள்ளாமல் திருப்பித் தள்ளும். அந்த முரண்டைச் சரிக்கட்டத்தான் காயில். அதனால் கம்பி நீளமாகிவிட்டது என்று நினைக்காதே. நான் எவ்வளவு உயரச் செருப்பு போட்டாலும் நீ என்னைச் சுண்டெலி என்றுதானே கூப்பிடுகிறாய், அந்த மாதிரி.

ஒன்று செய். ஐந்து நிமிஷம் பேசு, செட்டை அணைத்துவிட்டு உடனே காயிலைத் தொட்டுப் பார். கவனம், பேசிக்கொண்டிருக்கும்போது தொடாதே, விரல் பொசுங்கிவிடும். எப்படி இருந்தது என்று எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

தங்கச்சி

பிப்ரவரி 3

சுண்டெலி,

இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது.

தொட்டேன். அடேயப்பா! இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய டம்ளர் மாதிரி இருந்தது. கண்ணாடிக்காரரும் தொட்டுப் பார்த்தார். "என்ன டிரைவர், ஒரு மாசமா நீங்க காயிலுக்குத்தான் சேதி சொல்லிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டார். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

மானம் போயிற்று. சீக்கிரம் ஒரு காயில் சுற்றி அனுப்பு.

அண்ணன்

பிப்ரவரி 20

அண்ணா,

உன் கடிதத்தைப் பட்டறை முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு நாளாக எந்த மோட்டார் சூடானாலும் "இதுக்கும் உங்க அண்ணன்தான் பேசிட்டு இருக்காரா?" என்கிறார்.

பார்சலில் காயில் வருகிறது. தடித்த செம்புக் கம்பி, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் கம்பியின் கனத்துக்கு இடைவெளி. பிளாஸ்டிக் குழாய்க்குப் பதில் நான்கு மெல்லிய சட்டங்கள்தான் தாங்குகின்றன. இது சூடாகாது.

முக்கியமாக, இதை அடியில் வைக்காதே, கம்பியின் நடுவில் வை. காயிலுக்குக் கீழே இருக்கும் கம்பியில்தான் மின்னோட்டம் பலமாக ஓடும், உன் குரல் வெளியே போவது பெரும்பாலும் அங்கிருந்துதான். காயிலை அடியில் வைத்தால் அதற்குக் கீழே கம்பியே இல்லையே! நடுவில் வைத்தால் பாதிக் கம்பியாவது வேலை செய்யும்.

காலைக்கும் மாலைக்கும் அலைவரிசை வேறல்லவா, காலைக்கு இருபத்தொன்பதாவது சுற்றுக்குப் பக்கத்திலும் மாலைக்கு நாற்பதுக்குப் பக்கத்திலும் காயிலில் இருக்கும் கிளிப்பைக் கவ்வவிடு. சரியான சுற்று இடத்துக்கு இடம் மாறும். அடியில் இருக்கும் மண், பக்கத்தில் மரம், சுவர் எல்லாவற்றையும் இந்தக் குட்டைக் கம்பி உணரும். கிளிப்பை மாற்ற வண்டிக் கூரைமேல் ஏற வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. குரங்கு மாதிரி ஏறுவாயே, உனக்குச் சொல்லித் தர வேண்டுமா?

எந்த முகாமில் எத்தனையாவது சுற்றில் நின்றது என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுது. அதை வைத்து இன்னும் நன்றாக ஒன்று சுற்றித் தருகிறேன்.

தங்கச்சி

மார்ச் 6

என் ராஜாத்தி சுண்டெலிக்கு,

சுகமா? முதுகுக்கு என்ன மருந்து வேண்டும் சொல், வாங்கி அனுப்புகிறேன். நீ கேட்டால் வண்டியையே அனுப்பிவிடுவேன், டாக்டரம்மா உதைப்பார்.

கேட்டுவிட்டது! முதல் நாள் மாலையிலேயே! தலைமை ஆஸ்பத்திரி ஆபரேட்டர், "யாருப்பா அது, பக்கத்து ரூம்ல இருந்து பேசுறியா?" என்று கேட்டார். நான் உப்பள முகாம் என்றதும் பெயரை இன்னொரு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். டாக்டரம்மா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் ஊரெல்லாம் என் தங்கச்சி, என் தங்கச்சி என்று பீற்றிக்கொண்டு திரிகிறேன்.

நீ கேட்ட எண்கள். மாலை அலைவரிசை: ஆற்றங்கரை முகாம் நாற்பத்தொன்று, குன்றடி முகாம் நாற்பத்து மூன்று, உப்பளம் நாற்பது. தினம் இரண்டு தடவை ஏறி இறங்குகிறேன், தொப்பை குறைந்துவிட்டது.

உன் அண்ணன்

ஏப்ரல் 2

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். முகாம்கள் நன்றாக நடக்கின்றன. மாலையில் பேசுகிறோம், கேட்கிறது. கவலைப்பட ஒன்றும் இல்லை.

நீ கேட்ட எண்கள். ஆற்றங்கரை முப்பத்தாறு, குன்றடி முப்பத்தாறு, உப்பளம் முப்பத்தாறு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஏப்ரல் 12

அண்ணா,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒழுங்காகச் சொல்.

உன் கடிதத்தில் ஒரு கேலிகூட இல்லை. சுண்டெலி என்றுகூடக் கூப்பிடவில்லை. களைப்பு போலிருக்கிறது என்று மடித்து வைத்தேன். அப்புறம்தான் எண்களைக் கவனித்தேன்.

ஆற்றங்கரை ஈர மண். குன்றடி பாறை. உப்பளம் உப்பு. போன மாதம் மூன்றும் மூன்று எண்ணில் நின்றன. இந்த மாதம் மூன்றும் சொல்லிவைத்த மாதிரி முப்பத்தாறா? அதுவும் நாற்பதுக்குக் கீழே வராத காயில்? தலைக்குமேல் தகரம் இருந்தால்தான் சுற்று இப்படிக் குறையும். சந்தேகத்துக்கு, முதலாளியின் வேனில் அதே அளவுக் கம்பியும் காயிலும் கட்டி, பட்டறைக் கொட்டகைக்கு வெளியேயும் உள்ளேயும் நிறுத்திப் பார்த்தேன். வெளியே நாற்பது, உள்ளே முப்பத்தைந்து. "என்னம்மா, என் வேனை ரேடியோ ஸ்டேஷன் ஆக்கிட்டியா?" என்று முதலாளி கேட்டார். உடனே இதை எழுத உட்கார்ந்தேன்.

வண்டி எங்கும் போகவில்லை, அண்ணா. ஒரே கொட்டகைக்குள் நிற்கிறது. வண்டி நிற்கிறது என்றால் டிரைவருக்கு என்ன? மறைக்காமல் எழுது. இல்லாவிட்டால் நான் பஸ் ஏறிவிடுவேன்.

தங்கச்சி

ஏப்ரல் 25

சுண்டெலி,

பதறாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உயிருக்கு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

மார்ச் பதினாலாம் தேதி காலையில் கிளிப்பை மாற்றக் கூரைமேல் ஏறினேன். பனியில் தகடு நனைந்திருந்தது. என் காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. வழுக்கிவிட்டது. வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. உப்பளத்துக்குப் பக்கத்தில் மூன்று கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறேன். வண்டி பக்கத்துக் கிடங்கின் தகரக் கொட்டகையில் நிற்கிறது. கண்ணாடிக்காரர் ஏணி வைத்து ஒரு தடவை கிளிப்பை மாலைச் சுற்றில் மாட்டிவிட்டார், அதோடு சரி. மாலையில் மட்டும் அவர் பேசுவார், நான் ஜன்னல் வழியாக அதிகாரம் பண்ணுவேன். டாக்டரம்மா இந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு மேஜை போட்டுக் கண் பார்க்கிறார்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொன்னால் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். பொய் எழுத உட்கார்ந்தபோது முகாம் பெயரையெல்லாம் சுலபமாக எழுதிவிட்டேன். எண் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. நீ கேட்ட எண்ணில் பொய் எழுத மனசு வரவில்லை. கொட்டகையில் நின்ற முப்பத்தாறையே மூன்றுக்கும் எழுதினேன், அதில் போய் மாட்டிக்கொண்டேன், பார்!

பஸ் ஏறாதே. வேலையைப் பார். பதில் எழுது.

அண்ணன்

மே 14

அன்புத் தங்கச்சிக்கு,

நலமா? பத்தொன்பது நாளாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் கட்டிலிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், அவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுதேன்.

கால் தேறி வருகிறது. ஆனால் டாக்டரம்மா உத்தரவு போட்டுவிட்டார்: "இனிமே யாரும் கூரைமேல ஏறக் கூடாது. தடம் போனாலும் பரவாயில்லை, எனக்கு ஆள் முக்கியம்." ஏறாமல் கிளிப்பை மாற்ற முடியாது. மாற்றாவிட்டால் காலை அலைவரிசை கிடையாது. ஜூன் இருபதுக்கு இரண்டு வேளையும் பேசியாக வேண்டும். ஒருவழியும் தெரியாமல் முழிக்கிறோம்.

இன்னொன்று. நீ உன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று தோன்றுகிறது. அசடு! காயில் பார்சலோடு வந்த கடிதத்திலேயே பார்த்து ஏறு என்று நீ எழுதியிருந்தாயே. நான்தான் கேட்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

உன் அண்ணன்

மே 24

அண்ணா,

கால் எப்படி இருக்கிறது? வலி இருக்கிறதா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை.

நான் அப்படி எழுதவில்லை. நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை என்று எழுதினேன். குரங்கு மாதிரி ஏறுவாயே என்று கேலி செய்தேன். அதோடு நிறுத்திவிட்டேன். விரல் பொசுங்கும் என்று எழுதத் தெரிந்த எனக்கு, கால் வழுக்கும் என்று எழுதத் தெரியவில்லையே! காயில் நடுவில் இருந்தால் நல்லது என்று மட்டும்தான் யோசித்தேன். அந்த உயரத்துக்குத் தினம் இரண்டு தடவை ஏறப்போவது யார் என்று யோசிக்கவே இல்லை.

காயில் சுற்றும் கைமிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டேன். இனி மோட்டார் வேலை மட்டும் கொடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஜூன் இருபதுக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள். என்னை நம்பி இன்னொரு தடவை நீ எதன்மேலும் ஏற வேண்டாம்.

என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறாய் என்று தெரியும். இல்லை என்றால் அந்தக் கடிதத்தை அனுப்பு, என் கண்ணால் பார்க்கிறேன்.

தங்கச்சி

ஜூன் 3

சுண்டெலி,

கட்டுப் பிரித்துவிட்டார்கள். கோலை ஊன்றி வாசல்வரை நடந்தேன். கண்ணாடிக்காரர் கைதட்டினார், எனக்கு வெட்கமாகப் போயிற்று. இன்னும் இரண்டு வாரத்தில் பிரேக், ஆக்ஸிலேட்டர் மிதித்துப் பார்க்கலாம் என்கிறார்கள்.

நீ கேட்ட கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கம், அடியில் பார். உனக்கு மறதி, வேறொன்றும் இல்லை. பார்த்துவிட்டு மனசைத் தேற்றிக்கொள். மிஷின் உறையை எடு. ஜூன் இருபது போனால் போகட்டும், தடம் போனாலும் போகட்டும். நீ காயில் சுற்றாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன்

ஜூன் 11

என் அண்ணாவுக்கு,

நீ வாசல்வரை நடந்தாய் என்று படித்ததும் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

கடிதத்தைப் பார்த்தேன். கடைசிப் பக்கம், என் பெயருக்குமேல் இருந்த கொஞ்சம் இடத்தில் நெருக்கி ஒரு வரி: "கூரைமேல் பார்த்து ஏறவும். செருப்பு அணிய வேண்டாம்."

அட என் அண்ணா! கடிதம் முழுக்கக் கறுப்பு மையில் எழுதியவள் இந்த ஒரு வரிக்கு மட்டும் நீலப் பேனாவைத் தேடி ஓடினேனா? என் எழுத்து மாதிரிச் சாய்க்கப் பார்த்திருக்கிறாய், பாதியிலேயே உன் எழுத்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. அதுவும் "ஏறவும்"! பிறந்ததிலிருந்து என்றைக்காவது உனக்கு இவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறேனா? முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பிழைக்க முடியாதும்மா, வண்டியே ஓட்டட்டும்" என்றார்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் அந்தச் சிரிப்போடேயே அழுகை வந்துவிட்டது. கால் ஒடிந்து கிடந்த மனுஷன், என் தப்பை மறைக்க என் எழுத்தை எழுதிப் பழகியிருக்கிறான். எத்தனை தாள் கிழித்தாய்? உன்னை மாதிரி ஒரு முட்டாள் அண்ணன் யாருக்குக் கிடைப்பான்!

அன்றைக்கே மிஷின் உறையை எடுத்தேன். உட்கார்ந்து யோசித்தேன். காயிலைக் கீழே இறக்கினால் குரல் தேயும். மேலேயே வைத்தால் ஆள் ஏற வேண்டும். காயிலையும் இறக்காமல் ஆளையும் ஏற்றாமல் என்ன செய்வது? ஏரியலையே சாய்த்துவிட்டால்? அடியில் ஒரு கீல் வைத்துவிட்டேன், நம் கதவுக் கீல் மாதிரி. கூரையின் பின்விளிம்பில் அதைப் பொருத்த வேண்டும். கயிற்றை இழுத்தால் கொண்டி விடுபட்டு, கம்பி காயிலோடு வண்டிக்குப் பின்னால் மடிந்து தொங்கும். கம்பியின் நுனி தரையில் இடிக்கும், இடித்தால் இடித்துவிட்டுப் போகட்டும். காயில் இடுப்புக்கு நேரே வந்து நிற்கும். நின்ற இடத்திலிருந்தே கிளிப்பை மாற்றிவிட்டு, இன்னொரு கயிற்றை இழுத்து நிமிர்த்திவிடலாம். முதலாளியின் வேனில் பொருத்தி, இருபது தடவை சாய்த்து நிமிர்த்திப் பார்த்துவிட்டேன். நிமிர்ந்த பிறகு எண் ஒரு சுற்றுகூட மாறவில்லை. அவரே ஒரு தடவை மாற்றிப் பார்த்தார், கையில் டீ டம்ளரைப் பிடித்தபடியே.

இதைப் பார்சலில் அனுப்ப மாட்டேன். பதினேழாம் தேதி பஸ்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. ஏணியில் ஏறி நானே மாட்டுகிறேன், கண்ணாடிக்காரர் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும். இருபதாம் தேதி இரண்டு வேளையும் நீ பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கூரைமேல் இனி யாருக்கும் வேலை இல்லை என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிடு.

உன் கள்ளக் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அந்த நீல வரியை அடிக்க எனக்குக் கை வரவில்லை. அதற்குக் கீழேயே கறுப்பு மையில், என் சொந்தக் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். ஆயுசு முழுக்க அதன்படி நட:

ஏறாதே, அண்ணா. தரையிலேயே நில். நான் வருகிறேன்.

தங்கச்சி